தட்டாமலே தேடும் பெட்டி

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் அமலி என்றொரு பெண் கம்ப்யூட்டருக்குத் தேடல் பெட்டி செய்துகொண்டிருந்தாள். கோப்பு, மெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேடித் தரும் பெட்டி. அவளுக்குக் கிடைத்திருந்ததோ பேச்சுத்துணை இல்லாத மூலை சீட்.

மேனேஜர் கோதண்டபாணி வந்தார். "தட்டச்சு பண்ணித் தேட எனக்கு நேரமில்லம்மா. திறந்த உடனே என் மனசுல இருக்கிறது வந்து நிக்கணும். நாளைக்கு மீட்டிங்லயே காட்டணும்!"

"அடிக்கடி தேடுறதுதானே சார் மனசுல இருக்கும்? அதை எல்லார் முன்னாடியும் காட்டலாமா?"

"தாராளமா! என் மனசுல கம்பெனியைத் தவிர வேற என்ன இருக்கு?"

மறுநாள் மீட்டிங்கில், பெரிய திரையில், அவரே பெட்டியைத் திறந்தார். ‘கோதண்டபாணி பாராட்டு’ என்று வந்து நின்றது. அறையே சிரித்தது.

"எங்கே, உன்னோடதைத் திற பார்ப்போம்!" என்று சீறினார்.

அமலி திறந்தாள். ஆபீஸ் குரூப்பில் அவள் எப்போதோ போட்ட செய்தி வந்தது: ‘மதியம் சேர்ந்து சாப்பிட யாராச்சும் வர்றீங்களா?’

பதில் வந்திருக்கிறதா என்று தினமும் தேடியிருக்கிறாள். கீழே ஒரு பதிலும் இல்லை.

சிரித்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"பெட்டி சரியாத்தான் வேலை செய்யுது சார்," என்றாள் அமலி.