சுருளம்மாவின் காது எங்கே?

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் சுருளம்மா என்ற மண்ணுளிப் பாம்பு வளை தோண்டிக் குடியிருந்தாள். அதே கரையில் சடையப்பன் என்ற கீரியும் இருந்தான். கீரியும் பாம்பும் ஒரே கரையிலா என்று கேட்கிறீர்களா? குளத்தங்கரைக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது. அது அங்கே சட்டம். எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டால் அவரவர் பசி, அவரவர் பல்!

சுருளம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் சடையப்பனுக்கு எச்சில் ஊறும். சட்டத்தை நினைத்து விழுங்கிக்கொள்வான்.

ஒருநாள் அவன் முயல் நீள்செவியாரிடம் போனான். நீள்செவியார் காதுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். அவர் சொன்னால் கரையில் மறுபேச்சு கிடையாது.

“ஐயா, சுருளம்மாவுக்குக் காதே இல்லை, கவனித்தீர்களா? யானை வரும்போது நாம் கத்துவோம். பக்கத்தில் பேசுவதுதான் அவளுக்குக் கேட்கும், தூரத்துச் சத்தம் கேட்காது. மிதிபட்டு அப்பளமாகிவிடுவாள், பாவம்! அவள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். எல்லைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்!”

“சோதிக்காமல் எதையும் சொல்ல மாட்டேன்!” என்றார் முயல்.

அவருடைய சோதனைக்கூடம் ஒரு கொடி ஊஞ்சல். சோதனைக்கு வருகிறவர் கண்ணை மூடி அதில் படுக்க வேண்டும். தூரத்தில் ஒரு மரங்கொத்தி காய்ந்த மூங்கிலைத் தட்டும். கேட்டால் தலையாட்ட வேண்டும். மான், குரங்கு, தவளை எல்லோரும் அதில் ஆடித் தேறியவர்கள்தான்.

“எனக்கு ஊஞ்சல் வேண்டாமே ஐயா, தலை சுற்றும்!” என்றாள் சுருளம்மா.

“எல்லோருக்கும் ஒரே சோதனை. அதுதான் நியாயம்!”

ஊஞ்சலில் ஏற்றினார்கள். மரங்கொத்தி தட்டியது. சுருளம்மா அசையவில்லை. பலமாகத் தட்டியது. அசையவில்லை. மூங்கிலே பிளந்துபோனது. “எப்போது ஐயா ஆரம்பிப்பீர்கள்?” என்று கேட்டாள் சுருளம்மா!

நீள்செவியார் வருத்தத்தோடு சொன்னார்: “பொழுது சாய்வதற்குள் கரையை விட்டுப் போய்விடு, அம்மா.”

சடையப்பன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எல்லைக் கல்லைத் தாண்டினான். அங்கே ஒரு புதருக்குள் புகுந்து, தேக்கிலை ஒன்றை விரித்து, தண்ணீர் தெளித்துத் துடைத்து, சாப்பாட்டுக்குக் காத்திருந்தான்.

சுருளம்மா ஊஞ்சலிலிருந்து இறங்கினாள். தரையில் தலையைச் சாய்த்து அழுதாள். சட்டென்று அழுகையை நிறுத்தினாள்.

“பெரியாத்தா வருகிறாள். வழியை விட்டு விலகுங்கள்!”

நீள்செவியார் தம் காதுகளை நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. “ஏதோ ஆற்றாமையில் சொல்கிறாய்” என்றார். சற்று நேரத்தில் மரங்களை விலக்கிக்கொண்டு பெரியாத்தா என்ற யானை வந்து நின்றாள்!

முயலுக்கு மீசை துடித்தது. “உனக்கு எப்படிக் கேட்டது?”

“நாக்கால்தான்! நாக்கை நீட்டினால் எனக்கு ஊரே கேட்குமே!” என்றாள் சுருளம்மா, கொஞ்சம் பெருமையாகவே.

“அப்படியானால் நாக்கை உள்ளே வை. ஆத்தா, அந்தப் புதர்வரை போய்த் திரும்பி வருகிறீர்களா?”

“தண்ணீர் குடிக்க வந்தவளை நடை பழகச் சொல்கிறாயே, உனக்கே நன்றாக இருக்கிறதா?” முணுமுணுத்தபடி யானை நடந்தாள்.

சுருளம்மா புதருக்கு எதிர்ப்பக்கமாகத் தரையில் தலையைச் சாய்த்து, வாயை இறுக்க மூடிக்கொண்டாள். ஆனாலும் யானையின் ஒவ்வொரு அடிக்கும் தலையாட்டினாள்!

“நாக்கு இல்லை!” என்றார் முயல். பிறகு இலவம்பஞ்சைக் குவித்து அதன்மேல் அவள் தாடையை வைத்தார். “ஆத்தா, இன்னொரு தடவை!”

யானை பிளிறாத குறையாக நடந்தாள். சுருளம்மா தலையாட்டவே இல்லை. “ஆத்தா தூங்கிவிட்டாளா?” என்று கேட்டாள்.

நீள்செவியார் இடுப்பளவு குதித்தார். அவர் இடுப்பளவு அல்ல, யானை இடுப்பளவு! “அம்மா, உன் காது தலைக்குள்ளே இருக்கிறது. தாடைதான் அதற்கு வாசல்! நிலம் அதிர்ந்தால் உனக்குக் கேட்கும். உன்னை அந்தரத்தில் தொங்கவிட்டு வாசலை அடைத்தவன் நான். செவிடு நீ இல்லை, என் ஊஞ்சல்தான்!”

“என் நாக்குக்கு ஒரு பெருமையும் இல்லையா?”

“பேசுவதற்கு வைத்துக்கொள்! இப்போது தாடையைத் தரையில் வை. ஆத்தா, கடைசியாக ஒரே ஒரு தடவை!”

யானைக்குப் பொறுமை போய்விட்டது. எல்லைக் கல்லைத் தாண்டினாள். எரிச்சலையெல்லாம் அந்தப் புதர்மேல் காட்டினாள்.

“ஆத்தா நடக்கிறாள்” என்றாள் சுருளம்மா. “புதரை மிதிக்கிறாள். அட, அவளுக்கு முன்னால் சின்னக் கால்கள் ஓடுகின்றன! அதில் ஒரு கால் நொண்டுகிறது!”

“நொண்டுவதுகூடக் கேட்கிறதா!” என்று வாய் பிளந்தார் முயல்.

அவர் பிளந்த வாயை மூடுவதற்குள் சடையப்பன் நொண்டி நொண்டி ஓடிவந்தான். தேக்கிலை அவன் வாலில் ஒட்டியிருந்தது.

“எல்லைக்கு வெளியே இலை போட்டுவிட்டு யாருக்காகக் காத்திருந்தாய், சடையப்பா?” என்று கேட்டார் நீள்செவியார்.

“காற்று வாங்கப் போனேன் ஐயா!”

“இலை விரித்தா?”

சடையப்பன் வாலைச் சுருட்டி இலையை மறைக்கப் பார்த்தான். மான் சிரித்தது, தவளை சிரித்தது, யானை தும்பிக்கை நிறையத் தண்ணீரை அவன் தலையில் கொட்டினாள். நீள்செவியார் ஊஞ்சல் கொடியைப் பல்லால் கடித்து அறுத்தார். சுருளம்மா தன் வளைக்கே திரும்பிப் போனாள்.

ஒருவரிடம் குறை இருக்கிறது என்று சொல்லும் முன், அவரை நாம் சோதித்த விதத்தில் குறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.