பூநாரை தினமும் கேட்ட கேள்வி

உப்பேரிக் கரைக் காட்டில் மருதாணி என்றொரு முயல் இருந்தது. காட்டுப் பள்ளியில் பட்டம் வாங்கிய முயல்தான். ஆனாலும் கொஞ்ச நாளாக அது பயந்துகொண்டே இருந்தது.

காரணம் இதுதான். ஏரித் திட்டில் பூநாரைகள் நடத்தும் மேற்படிப்புப் பள்ளியில் கண் வைத்தியம் சொல்லித் தந்தார்கள். மருதாணியின் அம்மாவுக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதும் மங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. தேர்வோ கடல் தாண்டி வந்த பூநாரைகளின் பாஷையில்!

மருதாணி நேரே ஆலமரத்துக் கிளியின் கோச்சிங் சென்டருக்கு ஓடியது.

"பயப்படாதே! நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. சீட்டு உனக்குத்தான்!" என்றது கிளி. பூநாரைப் பாஷையைத் தன் கீச்சுக் குரலில் அது கொட்ட, மருதாணி அதே கீச்சுக் குரலில் மனப்பாடம் செய்தது.

காலையில் குளத்தில் தண்ணீர் குடிக்கப் போனால் அங்கே ஒரு கிழப் பூநாரை நிற்கும். சேற்றுக்குள் விட்ட தலையை நிமிர்த்தி, மருதாணியைப் பார்த்துத் தன் பாஷையில் ஏதோ கேட்கும். அவ்வளவுதான்! மருதாணி பிடரியில் கால்பட ஓடிப் புதருக்குள் நுழைந்துகொள்ளும்.

கூடப் படித்த கட்டையன் என்ற எருமைக்கும் அதே தேர்வுதான். அது குளத்தில் கிடந்தபடியே கேட்டது: "ஏன் ஓடுறே? அவங்க பாஷையிலதானே பரீட்சை? நின்னு பேசேன்!"

"ஐயையோ! இன்னும் இலக்கணமே முடியல. தப்பாப் பேசி மானம் போகவா? முழுசா படிச்சிட்டுப் பேசிக்கிறேன்!"

"கரையிலேயே நின்னா நீச்சல் வருமா?" என்ற கட்டையன், பூநாரையிடம் தனக்குத் தெரிந்த நாலு வார்த்தையைத் தப்பும் தவறுமாக உளறியது. பூநாரை விழுந்து விழுந்து சிரித்தது. கட்டையனும் சேர்ந்து சிரித்தது. புதருக்குள் இருந்த மருதாணிக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

தேர்வு நெருங்க நெருங்க மருதாணிக்குத் தூக்கம் போயிற்று. அறுகம்புல் கசந்தது. ஒரு சாயங்காலம் வளைக்குள் நுழைந்தபோது அம்மா, "யாரது?" என்று கேட்டாள். பெற்ற மகளைப் பார்த்துத்தான் கேட்டாள்! மருதாணி அழுதுகொண்டே மறுபடியும் பாடத்தை எடுத்துக்கொண்டது.

தேர்வு நாள் வந்தது. கேள்வி கேட்க நின்றது அதே கிழப் பூநாரைதான். அது கனத்த குரலில் ஒரு கேள்வி கேட்டது. மருதாணி காதை விடைத்துக் கேட்டது. ஒன்றும் புரியவில்லை! கிளியின் கீச்சுக் குரலில் கேட்டுப் பழகிய ஒரு சொல்கூட அதில் இருப்பதாகத் தெரியவில்லை. பூநாரை பொறுமையாக மறுபடியும் கேட்டது. மருதாணியின் கண்ணில் நீர்தான் வந்தது.

"அடுத்தவர்!" என்றது பூநாரை.

அடுத்தது கட்டையன். அரைகுறையாக ஏதோ சொன்னது. சீட்டு கிடைத்துவிட்டது!

வெளியே வந்ததும் மருதாணி தேம்பியது. "அப்படி என்னதான் கேட்டாரு?"

"உனக்குத் தெரியலையா? 'நலமா? இங்கே எதற்காக வந்தாய்?'ன்னு கேட்டாரு. தினமும் குளத்தில உன்னைப் பார்த்து இதைத்தானே கேட்டாரு!"

மருதாணி இடிந்துபோய் உட்கார்ந்தது. இனித் தேர்வு அடுத்த பனிக்காலம்தான். அம்மாவின் கண் அதுவரை தாங்குமா?

மறுநாள் காலை மருதாணி குளத்துக்குப் போனது. பூநாரை தலையை நிமிர்த்தி வழக்கம்போல் கேட்டது. ஓடத் துடித்த கால்களை மருதாணி மண்ணில் அழுத்திக்கொண்டது.

"அம்மா... கண்... இருட்டு... நான் மருந்து!" என்று பூநாரைப் பாஷையில் உளறியது.

பூநாரை சிரித்தது. குளத்தில் கிடந்த கட்டையனும் சிரித்தது. வானம் இடிந்து விழும் என்று மருதாணி காத்திருந்தது. விழவில்லை.

"'அம்மாவின் கண்ணுக்காக வைத்தியம் படிக்க வந்தேன்' என்று சொல்ல வேண்டும்," என்றது பூநாரை, நிறுத்தி நிதானமாக. "இந்தப் பதிலுக்காகத்தான் நேற்று அவ்வளவு நேரம் காத்திருந்தேன். எங்கே, இன்னொரு தடவை சொல்!"

மருதாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சொன்னது. மறுபடியும் தப்பாகத்தான் சொன்னது.

நீதி: நாலு பேர் சிரிப்பார்களே என்று பயந்து வாய் திறக்காதவர், பதில் தெரிந்திருந்தும் வாய்ப்பை இழப்பார்.