அடிப்பிடிச்ச சட்டி

புதுச்சேரி குருசுக்குப்பத்துல ழோசேப்னு ஒரு ஸ்கூல் வேன் டிரைவர். அவருக்குச் சமையல்ல குரு, மதலேன். கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு ஹோட்டல்ல சமைக்கிற பொண்ணு. வயசுல அவரைவிட ரொம்பச் சின்னவ. ஆனா அடுப்படின்னு வந்துட்டா ழோசேப்புக்கு அவ "மாஸ்டர்"தான். "ங்க" போடாம பேசவே மாட்டாரு.

அன்னிக்குப் புதன்கிழமை. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட கையோட மூச்சிரைக்க மதலேன் முன்னாடி வந்து நின்னாரு.

"மாஸ்டர், ராத்திரி சாப்பாட்டுக்கு ரெஜினா வரா! மாட்டுக்கறி ஸ்டேக்கும் க்ரீம் பாஸ்தாவும்னா என் பொண்ணு உசுரையே விடுவா. இன்னிக்கு உங்களுக்கு லீவுதானே? வந்து பக்கத்துல நில்லுங்க, போதும்."

"நிக்கிறதுக்குக் கூலி?"

"ஒரு தட்டு பாஸ்தா."

"உங்க பாஸ்தாவா? அது கூலியில்லண்ணே, தண்டனை."

சிரிச்சுக்கிட்டேதான் வந்தா.

ரெஜினா நர்சிங் படிப்பைப் பாதியில விட்டுட்டு, கடல்ல அலைச்சறுக்கு சொல்லிக்குடுக்கப் போனவ. "பலகையை நம்பிப் போறவளுக்கு இந்த வீட்ல இடமில்ல"ன்னு ழோசேப் தெருவே கேக்கக் கத்தினாரு. அன்னிக்குப் படியிறங்கினவதான். இன்னிக்குத்தான் வரா.

ஜன்னல் வழியா கடல் காத்து ஈரமா உள்ள வந்துச்சு. பாஸ்தா வேகுற ஆவியில சமையலறையே மெல்ல மிதக்குற மாதிரி இருந்துச்சு. தெரு விளக்கு அந்த ஆவிக்குள்ள நிலா மாதிரி கலங்கிக் கிடந்துச்சு.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கவா? அன்னிக்குப் பேசினதை இன்னிக்கு நானா எடுக்கணுமா? இல்ல, ஒண்ணுமே நடக்காத மாதிரி பரிமாறிடவா?"

"கறியை வைங்க."

இரும்புச் சட்டி புகையுற அளவுக்குக் காய்ஞ்சிருந்துச்சு. கறியை வெச்சதும் 'சொர்ர்'ருன்னு ஒரு சத்தம், மழை வந்து விழுந்த மாதிரி. ழோசேப் கரண்டியோட பாய்ஞ்சாரு.

"கையை எடுங்க."

"அடிப்பிடிக்குது மாஸ்டர்!"

"பிடிக்கட்டும்."

ழோசேப் கரண்டியை இழுத்துக்கிட்டாரு. அடிப்பிடிச்ச குழம்புக்கு அவங்க அம்மாகிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுல கேக்குது. ஆனா கொஞ்ச நேரத்துல கறி தானா சட்டியை விட்டு வந்துடுச்சு. திருப்பிப் போட்டா, முறுகி, பளபளன்னு செவந்து கிடக்கு! அப்பாடா!

ரெண்டு பக்கமும் வெந்ததும் கறியைத் தட்டுல எடுத்து வெச்சாரு. சட்டியோட அடியெல்லாம் பழுப்பா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. துணியைச் சுத்தி அதைத் தூக்கிக்கிட்டுக் குழாய்க்கு நடந்தாரு. இன்னொரு கையில நார்.

"எங்க போறீங்க?"

"தேய்ச்சுட்டு வரேன். இந்தக் கருமத்துலயா பொண்ணுக்கு க்ரீம் ஊத்துறது?"

மதலேன் நாரைப் பிடுங்கி ஜன்னல்ல வெச்சா. சட்டியை மறுபடி அடுப்புல ஏத்தினா. பாஸ்தா வெந்த தண்ணியில ஒரு கரண்டி மொண்டு அவர்கிட்ட நீட்டினா. அவர் தயங்கித் தயங்கி ஊத்தினாரு.

சட்டி சீறுச்சு. வெள்ளையா ஆவி எழும்பி ரெண்டு பேர் முகத்தையும் மறைச்சுச்சு. அது விலகினப்போ, ஒட்டியிருந்த பழுப்பெல்லாம் இளகித் தண்ணியில கரைஞ்சு ஓடிச்சு. மதலேன் க்ரீமைச் சாய்ச்சா. அலை நனைச்சுட்டுப் போன மணல் நிறத்துக்கு வந்துச்சு சாஸ்.

ழோசேப் விரலால தொட்டு நாக்குல வெச்சாரு. கண்ணு தானா மூடிக்கிச்சு.

"மாஸ்டர்... இந்த ருசி எங்கேர்ந்து வந்துச்சு?"

மதலேன் கண்ணாலயே சட்டியோட அடியைக் காட்டினா. பாஸ்தாவை அதுல போட்டுப் புரட்டிக்கிட்டு இருந்தா.

வாசல்ல ஸ்கூட்டர் நின்னுச்சு. ஈரத் தலையோட, உப்பு வாசனையோட ரெஜினா வந்து நிலைக்கு வெளியவே நின்னா. உள்ள வரல.

"வரலாமாப்பா?"

ழோசேப் மதலேன் பக்கம் குனிஞ்சு கிசுகிசுத்தாரு.

"மாஸ்டர், அந்தப் பேச்சு இப்ப வேணாமே? முதல்ல நிம்மதியா சாப்பிடட்டும். எல்லாம் ஆறினதும் மெதுவா..."

மதலேன் அடுப்பை அணைச்சா. கையைத் துடைச்சுக்கிட்டா.

"ஆறின சட்டியில தண்ணி ஊத்திப் பாருங்கண்ணே, ஒட்டினது இளகுதான்னு."

ழோசேப் கரண்டியைக் கீழ வெச்சுட்டு வாசலுக்கு நடந்தாரு.