கொக்கு சொன்ன இரண்டு வார்த்தை

முன்னே, ரொம்ப முன்னே, ஊருக்கொரு மாயக்காரன் உட்கார்ந்து தின்ற காலத்தில், கரட்டுநாடு என்று ஒரு நாடு இருந்தது. மழை வந்தால் சோளம் விளையும். வராவிட்டால் ஆகாயத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்த நாட்டின் ஓரத்தில் ராக்காயி என்று ஒருத்தி. அவள் புருஷன் மாசாணன். எட்டு வயதில் ஒரு மகள், பூரணி. அவர்களுக்கு ஒரு துண்டு நிலம். காலையில் ஏர் இறங்கினால் மத்தியானக் கஞ்சிக்குள் உழுது கரையேறி விடலாம். அவ்வளவுதான் நிலம்.

ஊரை வறட்டுமாயன் என்பவன் பிடித்து வைத்திருந்தான். அவன் ஒருநாள் ஊர் நடுவில் நின்று சாபம் போட்டான். நன்றாகக் கேட்டுக் கொள்ளுங்கள்.

"ஆடிக்குள் விதைக்காத நிலம் எவனுடையதோ, அவன் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் விரல் விரலாகச் சோளத்தட்டை ஆவார். முழுக்கத் தட்டையானவர் தன் நிலத்துக்குத் தானே நடந்து போய்ப் காக்கை விரட்டும் பொம்மையாக நிற்பார். பயிர் முளைத்தால் தட்டை சதையாகும். மூன்று ஆடி கழிந்தும் முளைக்காவிட்டால் நிலம் எனக்கு."

வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? ஊரைச் சுற்றி நின்ற பதினோரு பொம்மைகளும் சேலை கட்டியிருந்தன.

ஏழு மலைக்கு அப்பால் ஒரு ராணி இருந்தாள். அவள் காதுக்கு இந்தச் சேதி போனது. சாபத்தை அழிக்க அவளுக்கு மந்திரம் தெரியாது. நகைதான் இருந்தது. வளையலையும் ஒட்டியாணத்தையும் உருக்கிக் காசாக அடித்தாள். கொக்குகளை அழைத்து, மாதம் ஒரு காசு வீட்டுக்கு வீடு போட்டு வரச் சொன்னாள். "எதுக்கு என்று கேட்பார்கள். எதுக்கும் இல்லை என்று சொல்லுங்கள்" என்று பழக்கினாள். பதிலுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், உங்கள் காசு, உங்கள் இஷ்டம் என்று அவள் நினைத்துச் சொன்னது அது. கொக்குக்குக் கற்றுக்கொள்ள முடிந்ததும் அந்த இரண்டு வார்த்தைதான்.

அந்த வருஷம் மாசாணன் வீட்டில் விதைச்சோளத்தைப் பசிக்குத் தின்றுவிட்டார்கள். மாட்டை முந்தின வருஷமே விற்றாகிவிட்டது. நிலம் தரிசாகக் கிடந்தது. ஆடிப் பௌர்ணமி கழிந்த காலையில் வாசலில் ஒரு கொக்கு வந்து நின்றது. அலகைத் திறந்தது. டங்கென்று ஒரு பொற்காசு விழுந்தது.

மாசாணன் தொடவில்லை. "இது எதுக்கு?" என்றான்.

"எதுக்கும் இல்லை" என்றது கொக்கு.

"விதை வாங்கலாமா?"

"எதுக்கும் இல்லை."

கொக்கு பறந்துவிட்டது. மாசாணன் திரும்பி ராக்காயியைப் பார்த்தான். "கேட்டியா புள்ள. விதைக்கும் கூடாதாம். எதுக்கும் தொடக்கூடாத காசை எதுக்குக் கொண்டாந்து போடுது?"

"எதுக்கும் இருக்கட்டும், எடுத்து வைங்க" என்றாள் ராக்காயி.

"அது எதுக்கும் இல்லைங்குது, நீ எதுக்கும் இருக்கட்டும்ங்கிறே. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பைத்தியம் ஆக்குங்க."

காசை ஒரு கலயத்தில் போட்டு மூடி வைத்தார்கள். ஆடி முடிந்தது. ராக்காயி ஒரு காலை கேப்பைக் கூழ் கிண்டும்போது அவள் சுண்டுவிரல் சரசரத்தது. பார்த்தாள். தட்டை. முந்தானையில் மறைத்துக் கொண்டாள்.

எத்தனை நாள் மறைக்க முடியும்? அன்று சாயங்காலமே மாசாணன் பார்த்துவிட்டான். பானையைத் தன் பக்கம் இழுத்தான்.

"இனிமே நீ முதல்ல தின்னு. நான் கடைசியாத் தின்னுக்கிறேன்."

"நீங்க தட்டையாப் போனா ஏர் பிடிக்கிறது யாரு?"

"ஏரே இல்ல, அப்புறம் பிடிக்கிறதுக்கு என்ன?"

"வீம்பு பேசாதீங்க. பானையைக் குடுங்க."

அவன் இந்தப் பக்கம் இழுத்தான். அவள் அந்தப் பக்கம் இழுத்தாள். பானைக்குள் இருந்ததோ இரண்டு அகப்பை. நடுவில் உட்கார்ந்திருந்த பூரணி சொன்னாள்: "சண்டை போடாதீங்க. நான் கடைசியாச் சாப்பிடறேன்."

இரண்டு பேர் கையும் நின்றுவிட்டது. ராக்காயி பானையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மகளுக்கு ஊற்றினாள். புருஷனுக்கு ஊற்றினாள். அவர்கள் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, பானையைத் தட்டை விரலாலேயே வழித்து நக்கினாள். மறுநாள் மற்ற நாலு விரலும் போயின.

ஆவணிப் பௌர்ணமி கழிந்தது. கொக்கு வந்தது. டங்கென்றது.

"இது எதுக்கு?"

"எதுக்கும் இல்லை."

"ஒரு நாளைக்கு ஏர்மாடு வாடகைக்குப் பிடிக்கலாமா?"

"எதுக்கும் இல்லை."

கொக்கு போனதும் வறட்டுமாயன் வந்தான். அவனுக்கு இதெல்லாம் எப்படித்தான் மூக்கில் வேர்க்குமோ. கலயத்தைத் தடியால் தட்டிப் பார்த்தான்.

"ரெண்டு சேர்ந்துடுச்சு போலிருக்கே மாசாணா."

"தொடலைங்க சாமி."

"தொடாதே. சும்மா குடுக்கிறவன் இந்த உலகத்துல எவனாச்சும் உண்டா? தொட்டா என்ன ஆகுமோ, ஏதாகுமோ. பக்கத்துச் சோளக்காட்டுல பொம்மையா நிக்கிற செவந்தி வீட்லகூட அடுப்படியில பொதைச்சு வெச்சிருந்தாங்க. அவ புருஷன் ஊரை விட்டுப் போறப்பகூடத் தொடலை. புத்திசாலி." ராக்காயி பக்கம் திரும்பினான். "கை ரெண்டும் அழகா வந்திருக்கு தாயி. கழுத்து வரைக்கும் வந்ததும் ஒரு மஞ்சச் சேலை கட்டிக்க. காக்காய்க்கு மஞ்சன்னா பயம்."

அவன் சிரித்துக்கொண்டே போனான். ராக்காயிக்கு அழுகை வந்தது. துடைக்கத் தூக்கிய கை கன்னத்தைக் கீறியது.

புரட்டாசியில் அவளால் குனிய முடியவில்லை. பூரணிதான் அடுப்பு மூட்டினாள். பௌர்ணமி கழிந்த காலையில் கொக்கு மூன்றாம் தடவை வந்தது. இந்தத் தடவை ராக்காயியே கேட்டாள். குரலில் பாதி காய்ந்திருந்தது.

"விதைக்கு வேணாம். மாட்டுக்கு வேணாம். என் புள்ளைக்கு ஒரு படி அரிசி வாங்கிக்கலாமா சாமி?"

"எதுக்கும் இல்லை."

அந்தச் சொல்லோடு அவள் தொண்டை அடைத்தது. கால்கள் தானாக எழுந்தன. வாசலைத் தாண்டின, வண்டித்தடத்தைத் தாண்டின, வரப்பைத் தாண்டின. மாசாணன் இடுப்பைக் கட்டிப் பிடித்துப் பார்த்தான். தட்டை முறியும் சத்தம் கேட்டதும் பயந்து விட்டுவிட்டான். நிலத்தின் நடுவில் போய் நின்று ராக்காயி கையை விரித்தாள். பன்னிரண்டாவது பொம்மை. கண்ணும் காதும் மட்டும் அவளுடையவையாக இருந்தன.

கொக்கு பின்னாலேயே பறந்து வந்து அவள் தோளில் உட்கார்ந்தது. கொக்குக்கு ஆளும் ஒன்று, பொம்மையும் ஒன்று.

"ஏய், எங்காத்தா மேல உட்காராதே" என்று பூரணி ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. மண்ணாங்கட்டியை எடுத்து ஓங்கினாள். எறிந்தால் ஆத்தா மேல் படும். ஓங்கிய கையோடு நின்று கத்தினாள். "காசைக் குடுத்து எங்களை ஏமாத்தறியா? எதுக்காச்சும் அதைத் திருப்பிக் கேப்பியா நீ?"

"எதுக்கும் இல்லை."

"நாங்க செலவு பண்ணிட்டா எதுக்காச்சும் எங்களை அடிப்பியா?"

"எதுக்கும் இல்லை."

பூரணி கையை இறக்கினாள். கொக்கையே பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "உன் பேரு என்ன?"

"எதுக்கும் இல்லை."

தட்டைக்குள்ளே ராக்காயிக்குப் புரிந்துவிட்டது. இடி விழுந்தது மாதிரி புரிந்தது. மூன்று மாதம் கலயத்தில் கிடந்தது அவளுடைய கை, அவளுடைய கால், அவளுடைய தொண்டை. ஓவென்று கதற வாய் இல்லை. காற்றில் சேலை மட்டும் ஆடியது.

மாசாணன் வரப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பூரணி போய் அவனை உலுக்கினாள்.

"அப்பா, அதுக்கு வேற பேசத் தெரியாதுப்பா. எதைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுது."

"தொடக்கூடாதுன்னு தானே சொல்லுது."

"நாமளாக் கூடாதுன்னு எடுத்துக்கிட்டோம். அது கூடாதுன்னு எப்பச் சொல்லிச்சு?"

மாசாணன் தலையிலிருந்து கையை எடுத்தான். எழுந்து வீட்டுக்கு ஓடினான்.

முதல் காசில் விதைச்சோளமும் அரிசியும் வாங்கினான். இரண்டாவது காசில் ஏரும் மாடும் வாடகைக்குப் பிடித்தான். மழை இல்லாத மண்ணில் புழுதி பறக்க உழுது, புழுதியிலேயே விதைத்தான். பொம்மை நின்ற இடத்தில் மட்டும் ஏரைச் சுற்றிக் கொண்டு போனான். மாலையில் வந்து, அவள் கையில் ஏதோ மாட்டினான்.

"வளையலு" என்றான். "மூணாவது காசுல வாங்கினேன். செட்டியாரு சிரிக்கிறாரு. கையே இல்லாதவளுக்கு வளையல் எதுக்குடான்னு கேட்டாரு. எதுக்கும் இல்லைன்னேன்."

அப்புறம் அழுதான். அவன் முதுகைத் தடவ அவளுக்கு விரல் இல்லை.

ஐப்பசி பிறந்தும் மழை வரவில்லை. பத்து நாள், இருபது நாள். எறும்புகள் விதையை இழுத்துப் போவதை ராக்காயி பார்த்துக்கொண்டே நின்றாள். கரையான் அவள் பாதத்தில் ஏறியது. பூரணி தினமும் வந்து தட்டிவிட்டுப் போனாள். அடுத்த கொக்குக்காசு வந்தது. எறும்பு தின்ற இடத்தில் மாசாணன் மறுபடி விதைத்தான். இருபத்தெட்டாம் நாள் ஒரு மழை பெய்தது. பெரிய மழை இல்லை. மண்ணின் வாயை நனைத்த மழை.

நாலாம் நாள் காலையில் அவள் காலடியில் ஒரு பச்சை ஊசி எட்டிப் பார்த்தது. அப்புறம் பத்து. அப்புறம் நிலம் முழுக்க. பாதத்தில் ரத்தம் ஓடியது. முழங்கால் மடங்கியது. ராக்காயி முளைகளை மிதித்துவிடாமல், ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து வரப்பேறினாள்.

வீட்டில் சோறு பொங்கியிருந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். கடைசி என்று ஒருவர் இல்லை.

சேதி ஊரெல்லாம் பரவியது. கலயங்கள் உடைந்தன, அடுப்படிகள் தோண்டப்பட்டன. கார்த்திகை முடிவதற்குள் பத்துப் பெண்கள் வீடு திரும்பினார்கள். பொம்மைகள் இறங்க இறங்க வறட்டுமாயனின் தடி இற்று, தாடி உதிர்ந்து, பிடிப்பதற்கு நிலம் இல்லாமல் அவன் ஊர் எல்லையைத் தாண்டிப் போனான். செத்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். பக்கத்து ஊருக்குப் போனான் என்றுதான் கேள்வி.

செவந்தி மட்டும் நின்றாள். அவளுக்காக விதைக்க வீட்டில் யாரும் இல்லை. ராக்காயி அந்த இடிந்த வீட்டுக்குப் போய், அடுப்படியைத் தோண்டி, செவந்தியின் காசை எடுத்தாள். செவந்தியின் நிலத்தைச் செவந்தியின் காசிலேயே உழவைத்தாள், விதைத்தாள். முளைத்தது. நன்றாகவே முளைத்தது.

ராக்காயி ஓடிப் போய்ச் செவந்தியின் காலைத் தொட்டாள். மாதக்கணக்கில் தட்டிவிட ஆளில்லாமல் கரையான் முழுக்கத் தின்றிருந்தது. ஒரு குச்சியும் அதில் சுற்றிய சேலையும்தான் மிச்சம். சதையாவதற்குத் தட்டையே இல்லை.

"செவந்தியக்கா" என்று கூப்பிட்டாள். மறுநாளும் வந்து கூப்பிட்டாள். மூன்றாம் நாளும் கூப்பிட்டாள்.

மாசி மாதம் சோளம் ஆள் உயரம் வளர்ந்து அந்தக் குச்சியை மறைத்தது. ஊரே கூடி அறுத்தது. குச்சியைச் சுற்றி ஒரு கட்டில் அகலத்துக்கு மட்டும் ராக்காயி அரிவாள் வைக்கவில்லை. குருவிகள் கூட்டமாக வந்து அந்தக் கதிர்களில் உட்கார்ந்தன. பூரணி விரட்டக் கை தட்டப் போனாள்.

"விடு கண்ணு" என்றாள் ராக்காயி. "அவ காடு. அவ சும்மா குடுக்கிறா."

கதையும் அறுத்தாச்சு, களமும் கூட்டியாச்சு.