தலைவர் வீட்டு ஆள்

நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு நஷ்டமில்லை. எங்கள் காலனி நாய்கள் சங்கிலியில்லாமல் ஓடியாட, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த காலி மனையைக் கேட்டுத் தெருவே நடையாய் நடந்தது. சங்கத் தலைவர் தணிகாசலத்துக்கோ அங்கே பூப்பந்து மைதானம் போட ஆசை.

"என் வீட்டு ஆள் ஒருத்தர் உங்க பக்கம் நிக்கட்டும், தர்றேன்," என்றார்.

நாய்களை உலாவக் கூட்டிப்போகும் செவ்வந்தி, உச்சிவெயிலில் தலைவர் முன்னாலேயே எல்லாவற்றையும் மனைக்குள் அவிழ்த்துவிட்டாள். அவை ஆளில்லாத மேற்கு மூலையைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்து வாலாட்டின.

"பழகினவங்களுக்குத்தான் இப்படி வாலாட்டும் ஐயா. செத்துப்போன உங்கப்பா அங்க உக்காந்துதானே ரஸ்க் போடுவாரு?"

தலைவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மனை நாய்களுக்கானது.

"என்ன தந்திரம்மா பண்ணே?" என்றேன்.

"கருவாடு புதைச்சு வச்சேன் தாத்தா," என்றாள் செவ்வந்தி. மேற்கு மூலையைத் திரும்பிப் பார்த்தாள். "ஆனா, கிழக்கு மூலையில."