அக்கரை உளுந்து

வாய்க்காலின் கடைசியில் செங்கமலத்துக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. அந்த வருஷம் நெல்லறுத்ததும், மறுபடி எல்லாரும் நெல்லே போட வேண்டும் என்றார் அரிசி மில் முதலாளி ஏகாம்பரம். மில்லுக்கு நெல் வேண்டும். வாய்க்கால் மடையும் அவர் கையில்தான்.

"கடைசி வயலுக்குத் தண்ணி எட்டாதுங்க. மண்ணும் களைச்சுப் போச்சு. நான் உளுந்து தெளிக்கிறேன்" என்றாள் செங்கமலம்.

அன்றிலிருந்து, ஏகாம்பரத்துக்குப் பயந்து ஊர் அவளோடு பேசவில்லை. மேய்ச்சலுக்கும் இடம் விடவில்லை. தன் ஒற்றை ஆட்டை ஓட்டிக்கொண்டு, ஆற்றைத் தாண்டி, ஊரார் போகாத அக்கரைக்குப் போனாள். பகலெல்லாம் அந்த ஆட்டோடுதான் பேச்சு.

விதைப்பைப் பற்றிப் பேசி முடிக்கக் கோயில் வாசலில் ஊர் கூடியது.

"உன் பக்கம் ஒரே ஒரு ஆளைக் காட்டு, உளுந்து போட்டுக்க!" என்று சிரித்தார் ஏகாம்பரம்.

"ஒருத்தர் இருக்காருங்க. நெல்லறுத்த வயல்ல அவருக்கு உளுந்து முளைச்சு நிக்குது."

"எவன் அவன்? பேரைச் சொல்லு!"

"நீங்கதாங்க. அக்கரையில உங்க வயலைப் பார்த்துட்டுத்தான் வரேன்."

யாரோ ஒருவன் சிரித்தான். பிறகு ஊரே சிரித்தது. "எதையாவது போட்டுத் தொலைங்க!" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார் ஏகாம்பரம்.

மறுநாளே ஊர் முழுக்க உளுந்து விதைப்பு. ஒருவர் வயலுக்கு ஒருவர் கைகொடுத்தார்கள். செங்கமலம் மட்டும் தனியாகத் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வயல் தனபாக்கியம் வரப்பில் வந்து நின்றாள்.

"அக்கா, விதை கொஞ்சம் இருக்குமா?"

செங்கமலம் முறம் நிறையக் கொடுத்தாள். "உட்காரேன், கஞ்சி குடிச்சிட்டுப் போ."

யாராவது பார்க்கிறார்களா என்று தனபாக்கியம் சுற்றுமுற்றும் பார்த்தாள். விதையை மடியில் கட்டிக்கொண்டு, விறுவிறுவென்று போய்விட்டாள்.