பலா ஏன் சிவப்பதில்லை

அந்தக் காலத்தில், விலங்குகளும் மரங்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பலாப்பழம் பழுத்தால் செக்கச்செவேலென்று ஆகிவிடும். வாசனை கிடையாது. எதிர்மலையிலிருந்து பார்த்தாலே பழம் எது, காய் எது என்று தெரியும். கரடி ஒருத்திக்கு மட்டும் தெரியாது.

அவள் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். பிறவியிலேயே அப்படி. இரண்டு குட்டிகளை வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். தினமும் பலாமரத்தடிக்கு வந்து, கிளையில் இருக்கும் மந்தியிடம் கேட்பாள்.

"அக்கா, இது பழமா, காயா?"

"பாத்தா தெரியலையா?" என்று அலுத்துக்கொண்டுதான் மந்தி சொல்வாள்.

விஷயம் காடு முழுக்கப் பரவிவிட்டது. கிளி ஒரு பூவைக் கொண்டுவந்து, "இது என்ன நிறம், சொல்லு பாப்போம்" என்று கேட்கும். அணில் ஓர் இலையோடு வரும். அவசரமாகப் போகும் மான்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். முதலில் கரடி சிரித்தாள். பிறகு வாயில் வந்த நிறத்தைச் சொல்லிவிட்டு நடந்தாள். சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளக்கூட நிற்பதில்லை.

ஒரு மழைநாளில் குட்டிகள் பசியில் முனகின. கரடி வந்து கேட்டாள். நனைந்து சுருண்டு கிடந்த மந்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "எல்லாம் பழந்தான், எடுத்துட்டுப் போ" என்றாள்.

அது காய். சின்னக் குட்டி ஆசையாகக் கடித்தது. பலாப்பால் வாயிலும் மூக்கிலும் அப்பிக்கொள்ள, மூச்சு முட்டிக் கண் செருகியது. கரடி நக்கி நக்கி எடுத்தாள். குட்டிக்கு மூச்சு திரும்பியபோது அவள் நாக்கு மரத்துப் போயிருந்தது.

மழை விட்டதும் போய் மரத்தடியில் உட்கார்ந்தாள். சண்டை போடவும் தெம்பில்லை. மந்தி இறங்கி வந்தாள்.

"தப்புதான். இனிமே சரியாப் பாத்துச் சொல்றேன்."

"சொல்லுவீங்க அக்கா. நாளைக்கும் நான் கேக்கணுமே. கேட்டுக் கேட்டு ஓஞ்சு போச்சு."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பலாமரம் பேசியது.

"என்னோட சிவப்பை நீ ஒருநாள்கூடப் பாத்ததில்லையா?"

"இல்ல."

ஊரே புகழும் அந்தச் சிவப்பின்மேல் மரத்துக்குக் கொள்ளை ஆசை. வெகுநேரம் யோசித்தது. "என்கிட்ட இருக்கறது ஒரே சத்து. நிறத்துக்குக் குடுத்தா வாசனைக்கு மிஞ்சாது" என்றது. பிறகு, தன் பழங்களிலிருந்த சிவப்பையெல்லாம் வேருக்குள் இழுத்துக்கொண்டது. கிளைக்குக் கிளை பழங்கள் மங்கி, பச்சையும் பழுப்புமாக நின்றன. கிளிகள் கத்திக்கொண்டு பறந்துபோயின.

கரடிக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் ஒரு வாசனை வந்தது. எழுந்தாள். நேராக ஒரு பழத்திடம் போனாள். யாரையும் கேட்காமல் பறித்துக்கொண்டு போய்க் குட்டிகளுக்குப் பிளந்து கொடுத்தாள். அவை தின்று முடிப்பதற்குள் அங்கேயே சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அன்று முதல்தான் பலா பழுத்தாலும் சிவப்பதில்லை. பழுத்த சேதியை வாசனையே காடெல்லாம் சொல்லிவிடுகிறது, கரடியும் யாரையும் கேட்காமல் மூக்கை நீட்டிக்கொண்டு தானாக வந்து தின்றுவிட்டுப் போகிறது.